கோட்டைக்கு மேலிருந்து வந்த குரல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் அந்த ரிசீவரைக் காதில் வைத்திருந்தவள் நான். தேதிகளை அன்றன்றே கலண்டரில் குறித்தேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

1989. இலங்கையில் கிளர்ச்சிக் காலம். மாத்தளையில் வீட்டை விட்டுப் போன இளைஞர்கள் பலர் திரும்பி வராத வருடம். என் வீட்டுக்காரரை இரண்டு முறை ஆமிக்காரர்கள் விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். மூன்றாவது முறை வருவதற்குள், செப்டம்பரில், கள்ளமாக ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சிக்காரன் மூலம் பிரான்சுக்குப் புறப்பட்டார். அவருடைய சிநேகிதர் ராசையாவும் கூடப் போனார். அதன்பின் இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. விளக்கு வைக்கும்போதெல்லாம், இருக்கிறாரா இல்லையா என்ற ஒரே கேள்விதான் எனக்கு.

எங்கள் தெருவில் ஜுனைதீன் நானாவின் புடவைக்கடையில் மட்டும்தான் டெலிபோன். நவம்பர் 26 அன்று ஐந்து மணிக்கு யாரோ என்னைக் கேட்டுக் கூப்பிட்டு, அரை மணியில் திரும்ப எடுப்பதாகச் சொன்னாராம். ஓடினேன். சரியாக ஐந்தரைக்கு மணி அடித்தது.

"புள்ள... வந்துட்டேன்."

அவர் குரல்தான். கரகரத்திருந்தது. பின்னால் காற்றுச் சத்தம்.

"எங்கங்க இருக்கீங்க?"

"மலை மேல சின்ன டவுனு. ராசா காலத்துக் கோட்டை. ஊரச் சுத்தி மதிலு. தெரு சரிஞ்சு எறங்குது, நடுவுல வாய்க்கா ஓடுது. ரெட்டைக் கோபுரம் வச்ச சர்ச்சு... நம்ம எல்கடுவ மலைக் குளிரெல்லாம் ஒண்ணுமே இல்ல புள்ள."

அன்று சந்தோஷத்தில் அழுதேன்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும், அதே ஐந்தரை. அதே ஊர். கோட்டை, மதில், வாய்க்கால். சாப்பாட்டைப் பற்றியோ வேலையைப் பற்றியோ தங்கும் அறையைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. அறையில் எவளோ இருக்கிறாள், அதனால்தான் வெளியே நின்று பேசுகிறார் என்று நினைத்தேன். உயிரோடு இருக்கிறாரே என்று நிம்மதிப்படாமல், மூன்றாம் வாரமே சந்தேகப்பட்ட என்னை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"அந்த சர்ச்சுக்குள்ள போனீங்களா?"

"இல்ல. இன்னும் எறங்கல."

"கோட்டைய?"

"கோட்டைக்கும் மேலதான் நிக்கிறேன். இன்னும் எறங்கல, புள்ள."

மூன்று வாரமாகவா?

நான்காம் ஞாயிறு, டிசம்பர் 17. "இருட்டிருச்சு. கீழ வெளக்கெல்லாம் தெரியுது" என்றார். ரிசீவரை வைத்துவிட்டு நானாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"எங்கட மச்சான் பாரிஸ்ல ஈக்கிறான் தங்கச்சி. அங்க இப்ப பகல் ஒரு மணி. ஒங்கட மாப்புள என்ன, கண்ண மூடிக்கிட்டா பேசுறாரு?"

நானும் சிரித்தேன். வீடு வரும்வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

ஐந்தாம் ஞாயிறிலிருந்து ஒரு புதுப் பேச்சு.

"என் பேர ஒருக்கா சொல்லேன்."

எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். டிஸ்பென்சரியிலும் பள்ளிக்கூடத்திலும் கேட்டால், பக்கத்தில் நிற்கும் என் மகள் யோகராணியின் தோளைத் தொடுவேன். அவள் சொல்லுவாள். அது அவருக்குத் தெரியாதா? எட்டு வருடம் என்னோடு வாழ்ந்தவருக்கு?

ஆறாம் ஞாயிறும் கேட்டார். ஏழாம் ஞாயிறு கெஞ்சினார்.

அப்போதுதான் எனக்குள் வேறொரு சந்தேகம் எழுந்தது. இது அவர்தானா? இத்தனை வாரமும் "என்னங்க" என்றுதான் பேசியிருக்கிறேன். நீங்கள் இன்னார்தானா என்று ஒரு தடவை பெயர் சொல்லிக் கேட்டதில்லை. யாரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்?

ஜனவரி 14. தைப்பொங்கல். அப்பாவோடு பேசட்டும் என்று யோகராணியையும் கூட்டிப்போனேன். அவளுக்கு ஆறு வயது.

ஐந்தரை. மணி அடித்தது.

"பேரச் சொல்லு, புள்ள."

"நீங்களே சொல்லுங்க. யாரு பேசுறது?"

காற்று...



"...தெரியலையே, புள்ள."

என் காதோடு ரிசீவர் சில்லிட்டது.

யோகராணி எட்டிப் பிடுங்கினாள்.

"அப்பா! ஒங்க பேரு நாகமுத்து! மறந்துட்டீங்களா?"

காற்று நின்றது.

ஒரு பெருமூச்சு. எனக்கே கேட்டது.

ஐந்து முப்பத்து நான்கு. லைன் அறுந்தது.

அதன்பின் அழைப்பு வரவில்லை.

மே மாதம் ராசையாவிடமிருந்து கடிதம் வந்தது. மன்னிப்புக் கேட்டுத் தொடங்கியிருந்தார். நவம்பர் 3 இரவு, இத்தாலிப் பக்கமிருந்து பனியில் மலையைக் கடந்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் பின்தங்கிவிட்டார். திரும்பிப் போய்த் தேட ஏஜென்சிக்காரன் விடவில்லை. பயத்தில் இவ்வளவு நாளும் வாய் திறக்கவில்லை என்று எழுதியிருந்தார்.

ஏப்ரலில் பனி உருகியபோது, கோட்டைக்கு மேலே ஒரு சரிவில் உடல் கிடைத்தது. அடையாளம் காட்டப் போனவர் ராசையாதான். காணாமல் போன அந்த இரவே உயிர் போய்விட்டது என்றாராம் டொக்டர். அங்கே நின்றால் கீழே முழு ஊரும் தெரிகிறதாம். மதில், இரட்டைக் கோபுரம், நடுவில் வாய்க்கால் ஓடும் தெரு. அந்த அழைப்புகளைப் பற்றி நான் ராசையாவுக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பாஸ்போட்டை ஏஜென்சிக்காரன் முன்பே வாங்கிவிட்டான். சட்டைப்பையில் ஒரு தாள் மட்டும் இருந்தது. அது இல்லாவிட்டால் பெயர் தெரியாத பிணமாகப் புதைத்திருப்பார்கள். எழுத்து தமிழ் என்று கண்டு, பாரிஸில் விசாரித்து ராசையாவைப் பிடித்திருக்கிறது பொலிஸ். தாளைக் கடிதத்தோடு வைத்து எனக்கு அனுப்பியிருந்தார்.

அவருடைய கையெழுத்துதான். இரண்டு பக்கமும், இடைவெளியில்லாமல், ஒரே பெயர். நான் இன்றுவரை வாய்விட்டுச் சொல்லாத பெயர்.

கடைசி வரிக்குக் கீழே தேதி போட்டிருந்தார்.

14.1.1990.