சோத்துக்கைப் பக்கத்துப் பீரங்கி

கெல்சென்கிர்ச்சனில் கப்பல் மாதிரிகள் கட்டுகிற சங்கத்துக்குச் சிவகௌரி முதலில் போனது மண்டபத்தைக் கூட்டித் துடைக்கத்தான். ஒருநாள் மேசைக்கடியில் ஒடிந்து கிடந்த பாய்மரம் ஒன்றை ஒட்டி வைத்துவிட்டுப் போனாள். ஒட்டு எங்கே என்று தேடித் தோற்ற கிழவர்கள் மறுவாரமே அவளுக்கும் ஒரு கதிரை போட்டார்கள். இப்போது பகலில் சிறுவர் பள்ளியில் சாப்பாடு பரிமாறுகிறாள். வியாழன் மாலைகளில் கப்பல்.

எட்டு மாதமாக அவள் கட்டியது 'டிங்யுவான்'. சீனப் பேரரசுக்காக ஸ்டெட்டின் துறையில் கட்டிய போர்க்கப்பல். பீரங்கிகள் பக்கத்து ஊர் எசனில் வார்த்தவை. 1894 செப்டம்பரில், யாலு ஆற்று முகத்தில், யப்பானியக் கடற்படை நூற்றுக்கு மேல் குண்டு போட்டும் அன்றைக்கு அது தாழவில்லை.

"சீனனும் யப்பானும் அடிபட்டதுக்கு உமக்கேனப்பா காய்ச்சல்?" என்பார் கணவர் இராசலிங்கம்.

"அவ்வளவு அடிக்கும் நிண்ட கப்பல். உங்கட கார் மழைக்கே நிக்குது."

கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கையில் சங்கத் தலைவர் பிரிங்மன் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கப்பலின் பெரிய பீரங்கி மேடைகள் இரண்டும் குறுக்குச் சாய்வில் இருக்கும். ஒன்று சற்று முன்னால், மற்றது பின்னால். அவளுடைய கப்பலில் வலது மேடை முன்னால் நின்றது. அவர் சங்கத்தின் பழைய புத்தகத்தை விரித்தார். நாற்பத்தோராம் பக்கப் படத்தில் முன்னால் நின்றது இடது மேடை.

"ஸ்டொயர்போர்டையும் பக்போர்டையும் மாற்றிப் படித்திருக்கிறீர்கள், ஃப்ரவ் இராசலிங்கம். பிறமொழிதானே. பெயர்த்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் மேசையில் வைக்க முடியாது."

பெயர்த்தால் தளம் பிளந்துவிடும். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடமாகியும் வருகிற கடிதத்தை மூன்று தரம் வாசிக்கிறவள், டெர்மின் என்று குறித்துக் கொடுத்த நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போய் நிற்கிறவள். பிழை தன்னுடையதுதான் என்று நம்பியே விட்டாள். ஆனால் அவளிடம் ஒரு கணக்கு இருந்தது: ஸ்டொயர்போர்ட் எண்டால் சோத்துக்கை, பக்போர்ட் எண்டால் பீச்சாங்கை. அவள் பார்த்துக் கட்டிய வரைபடத்தில் முன்மேடைக்குப் பக்கத்தில் ஸ்டொயர்போர்ட் என்றுதான் இருந்தது. சோத்துக்கை எப்படிப் பிழைக்கும்?

திரும்பவும் படத்தைப் பார்த்தாள். மேடைக்கு முன்னால் ஏழு மாலுமிகள் கிண்ணமும் குச்சியுமாகக் குந்தியிருந்தார்கள். பள்ளியில் தினமும் எதைப் பார்ப்பாளோ அதையே கண் பார்த்தது.

"எல்லாரும் பீச்சாங்கையாலை தின்னுறாங்கள்."

தமிழில் வந்துவிட்டது. டொச்சு மொழியில் திருப்பிச் சொன்னாள்: "ஏழு பேரும் இடக்கையால் சாப்பிடுகிறார்கள். ஒருவர் என்றால் சரி. ஏழு பேருமா? படத்தை மறுபக்கமாகத் திருப்பி அச்சடித்திருக்கிறார்கள்."

பிரிங்மன் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு கையாக எண்ணினார். பிறகு கைத்தொலைபேசியில் படமெடுத்து, அதை இடம்வலமாகத் திருப்பிப் பார்த்தார். குச்சிகள் வலக்கைக்கு வந்தன. கூடவே முன்மேடையும் வலப்பக்கம் வந்து நின்றது, அச்சாக அவளுடையதைப் போல.

அவர் அலுமாரியைத் திறந்தார். உள்ளே அவருடைய சொந்த டிங்யுவான், நாற்பத்தோராம் பக்கத்தைப் பார்த்துக் கட்டியது, பத்தொன்பது வருடமாக இடது மேடையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது.

"பெயர்க்க வேண்டியது என்னுடையதைத்தான்," என்றார். அவளுடைய கப்பலை இரண்டு கையாலும் ஏந்தி, நடு மேசையில் தானே கொண்டுபோய் வைத்தார்.

இப்போது அந்தச் சங்கத்தில் எவருக்காவது பக்கம் தடுமாறினால், மற்றவர்கள் வலக்கையைத் தூக்கிக் காட்டி, அவள் சொல்லிக்கொடுத்த சொல்லைத் தங்கள் நாக்குக்கு வந்தபடி சொல்கிறார்கள்:

"சோட்டுக்கை."