ஈரத்துணி

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக் கொட்டகையில் பல வருஷம் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் எழுதியவள் நான். சூளையில் வெந்து வந்த நிறம் போகாது. ஈரத்துணியால் தேய்க்கத் தேய்க்கப் பளபளப்புதான் கூடும். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு நிறத்தைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

முதுகு முடியாமல் போன பிறகு ஒரு டீச்சரம்மா வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். கூடத்தில் அவருடைய அம்மாவின் படம் மாட்டியிருந்தது. கல்யாணமான புதிதில் யாரோ ஓவியர் காகிதத்தில் எழுதியது. டீச்சரம்மா கைக்குழந்தையாக இருந்தபோதே அந்த அம்மா போய்விட்டாராம். வேறு போட்டோ கிடையாது.

ஒரு மழைக்காலத்தில், விரிசல் விட்ட கண்ணாடியை மாற்றுவதற்காகப் படத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு டீச்சரம்மா கடைக்குப் போனார். படத்தின் கன்னத்தில் ஈ எச்சம் தெரிந்தது. பொம்மையைத் துடைக்கிற மாதிரி ஈரத்துணியால் ஒரே இழுப்பு இழுத்தேன். கன்னம் துணியோடு வந்துவிட்டது. பதறிப்போய் மறுபடி துடைத்தேன். புடவையின் நீலம் மூக்குவரை ஏறியது.

திரும்பி வந்தவர் பார்த்துவிட்டு, "ஐயோ, கூரை ஒழுகிடுச்சா?" என்றார்.

"ஆமாங்கம்மா" என்றேன். துடைத்தது தெரியாமல் செய்தது. இது தெரிந்தே சொன்னது.

புதுச்சேரியிலிருந்து பழைய படங்களைச் சரிசெய்கிற பெண் ஒருத்தி வந்தாள். லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"அவுரி நீலம், காவிக்கல்லு எல்லாம் வேலம்பிசின்ல கொழைச்சிருக்காங்கம்மா. எத்தினி வருஷமானாலும் தண்ணி பட்டா எளகிடும். முகத்துக்கு எத்தினி பூச்சு பாருங்க, ஒண்ணு காஞ்சப்புறம் ஒண்ணு, தண்ணியாட்டம் லேசா. மூக்குத்தி மின்னுற எடத்துக்குக் கலரே வைக்கல. வெறும் பேப்பர அப்படியே வுட்டுருக்காங்க." பிறகு தலையைத் தூக்கினாள். "ஆனா இது மழை இல்லீங்க. மழைன்னா வட்டம் வட்டமா கறை வுழும். இது யாரோ துணி போட்டு இழுத்தது."

நான் டீ டம்ளர்களோடு நின்றிருந்தேன். டீச்சரம்மா என்னை ஒரு தடவை பார்த்தார்.

"நான்தாம்மா தொடைச்சேன். வயசாயிடுச்சில்ல" என்றார் அந்தப் பெண்ணிடம்.

"நல்லா தொடைச்சீங்க போங்க, டீச்சரா இருந்துக்கிட்டு!" என்று அவள் சிரித்தாள். "போன முகம் வராதுங்கம்மா. புதுசா எழுதுனா அது வேற யாரோ ஆயிடும்."

"அப்படியே இருக்கட்டும்."

அவள் போனதும், "அம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"டம்ளர எடுத்து வை" என்றார். எடுத்து வைத்தேன். அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரைக்கும் வரவில்லை.

முகமில்லாத படம் புதுக் கண்ணாடியோடு கூடத்தில் மறுபடி ஏறியது. டீச்சரம்மா தினமும் அதற்குப் பூ வைக்கிறார். பூ வாங்கி வந்து கொடுப்பது நான்.