வாசல் கோலமும் பரங்கிப் பிஞ்சும்

வேங்கிக்காலில் எங்கள் தெருமுனையில் ஒரு பொது இடம் உண்டு. முன்பு குப்பைமேடு. அதில் காய்கறி போடலாம் என்று தெருக்கூட்டத்தில் மல்லுக்கு நின்று வாங்கியவள் நான். எல்லோரும் சேர்ந்து கொத்தினோம். பாதிப் பேருக்கு மண்வெட்டி பிடிக்கவே தெரியாது, எனக்கும்தான். எதிர்வீட்டுக்காரர் மட்டும் அங்கே கார் நிறுத்த வேண்டும் என்றார்.

"பொங்கலுக்குள்ள ஒரு காயாவது காட்டுங்க. இல்லன்னா எடத்த பார்க்கிங்குக்கு விட்டுடணும்" என்று கெடு வைத்தார். ரோஷத்தில் சரி என்றுவிட்டேன்.

கத்தரி பூச்சிக்குப் போனது. வெண்டையை மாடு மேய்ந்தது. மிச்சம் பரங்கிக் கொடிதான். மார்கழி பிறந்ததும் அது வேலியெல்லாம் பூத்தது. ஆனால் ஒரு பிஞ்சும் தங்கவில்லை. சாயங்காலம் பார்த்தேன் என்பார்கள், காலையில் இருக்காது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "பிஞ்சைத் திருடுகிறவர்கள் நன்றாக இருப்பார்களா?" என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். யாரை நினைத்து எழுதினேன் என்பது எல்லோருக்கும் புரிந்தது, எதிர்வீட்டுக்காரருக்கும்.

எங்கள் மாடியில் குடியிருப்பவர் வேன் ஓட்டுகிறார், கீழ்பென்னாத்தூர் விவசாயக் குடும்பம். மறுநாள் விடியலில் சவாரிக்குக் கிளம்பியவர் என் வாசலில் நின்றுவிட்டார். நான் கோலம் போட்டு, சாணி உருண்டைகளில் பரங்கிப் பூவைச் செருகிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, திருடன் கெடைச்சாச்சு" என்றார்.

"யாரு?"

ஒரு பூவை எடுத்துத் திருப்பிக் காட்டினார். அடியில் பச்சையாய் ஒரு குண்டு. "இது பொம்பளப் பூ. இந்தக் குண்டுதான் காயாவும். தெனமும் இதையே பாத்துப் பறிச்சிருக்கீங்க."

குண்டு இருந்தால் பூ சாணியில் ஆடாமல் நிற்கும் என்று, விடியுமுன் இருட்டில் தடவித் தடவி அதைத்தான் பறித்துவந்தேன். கூனிக் குறுகிப் போனேன். குழுவில் ஒப்புக்கொண்டு, எதிர்வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"சரி விடுங்க. ஆனா கெடு கெடுதான்" என்றார் அவர்.

அடுத்த விடியலில் வேன்காரர் சொன்னபடி, தெருக்காரர்கள் சிலர் குண்டில்லாத ஆண் பூக்களோடு கொடியருகே காத்திருந்தோம். ஊருக்குப் பின்னால் தெரியும் மலை பனியில் மறைந்திருந்தது. சுருண்டிருந்த பெண் பூ மெல்ல நெகிழ்ந்து, எங்கள் கண்முன்னாலேயே விரிந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனை பரங்கிக்காய் நறுக்கியிருப்பேன்! அது எப்படி உண்டாகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லையே. என்ன கூட்டம் என்று பார்க்க வந்த எதிர்வீட்டுக்காரரிடமும் ஓர் ஆண் பூவைக் கொடுத்தேன். கூச்சத்தோடு அதைப் பெண் பூவின் நடுவில் தொட்டுத் தடவினார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க. புடிச்சா ரெண்டு மூணு நாள்ல தெரியும்" என்றார் வேன்காரர்.

நான் தொட்ட இன்னொரு பூவின் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தது. அவர் தொட்டது உருண்டு திரண்டது! எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. காலையும் மாலையும் வந்து குனிந்து பார்ப்பார். மண் படாமல் அடியில் வைக்கோல் வைத்தார். ஒருநாள் யாரோ பார்க்கிங் பேச்சை எடுத்தார்கள்.

"காய் படுத்திருக்கிற எடத்துல கார நிறுத்தச் சொல்றியா?" என்று எரிந்து விழுந்தார்.

பொங்கலன்று காய் தலையளவு இருந்தது. ஆளுக்கொரு பத்தை என்று முடிவானது. நியாயமாக அவர்தான் வெட்ட வேண்டும் என்று கத்தியை நீட்டினேன். வாங்கவில்லை.

"நீங்களே வெட்டுங்கம்மா. என்னால ஆவாது" என்று திரும்பி நின்றுகொண்டார்.