ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி எடுத்த படம்

போன வருடம் கோடை. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் போட்டோ கிளப் ஒரு கண்காட்சி வைத்தது. பூமி சூடாவதைத் தடுக்க என்னென்ன செய்யலாம் என்று படங்கள் மூலம் ஜனங்களுக்குப் புரிய வைப்பதாகத் திட்டம். நான் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவன். நிலக்கரியில் சோறு தின்றவன் சூரிய மின்சாரத்துக்குக் கொடி பிடிக்கிறானே என்று வீட்டிலேயே கிண்டல் செய்தார்கள்.

டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு தனியார் சோலார் பண்ணையில் அனுமதி வாங்கிப் போனேன். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வரும் ஒரு பெண் பேனல்களைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் வழியும் கண்ணாடியில் காலை வெயில். எல்லாம் பிரமாதம், மஞ்சள் ஹெல்மெட்டின் நிழல்தான் முகத்தை மறைத்தது.

"ஒரு நிமிஷம் ஹெல்மெட்டைக் கழட்டும்மா, முகம் தெரியட்டும்" என்றேன்.

"வேணாங்க. சூப்பர்வைசர் பாத்தா கேட் பாஸைப் புடுங்கிடுவாருங்க."

"நான் இருக்கேன்ல?"

முப்பது வருடம் ஹெல்மெட் இல்லாமல் சுரங்கத்தில் ஒரு அடி எடுத்து வைக்காதவன் பேசிய பேச்சு இது! அவர் தயங்கித் தயங்கிக் கழற்றினார். சிரிக்கச் சொன்னேன், சிரித்தார்.

படத்துக்கு முதல் பரிசு. ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி ஹால் வாசலில் வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு அவரையும் கூப்பிட்டிருந்தேன். கல்யாணத்துக்குக் கட்டும் புடவையில், கணவரோடு வந்தார். "நானாங்க இது?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அப்போது ஒருவர் அந்தப் படத்தைச் செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். அந்த சோலார் பண்ணையின் பாதுகாப்பு அதிகாரியாம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. "படத்துல இருக்கறது இவங்கதான் சார்!" என்று அந்தப் பெண்ணைக் கூட்டிவந்து அவர் முன்னால் நிறுத்தினேன். அந்தப் பெண்ணின் சிரிப்பு பட்டென்று நின்றது. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன், மடையன்.

அடுத்த வாரமே அந்தப் பெண்ணின் கேட் பாஸைப் பறித்து வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கேள்விப்பட்டு ஓடினேன். நான்தான் கழற்றச் சொன்னேன் என்று எழுதியே கொடுத்தேன். கான்ட்ராக்டர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "சொன்னது நீங்க சார், கழட்டுனது அவங்க. ஆதாரமும் நீங்க எடுத்ததுதான்."

முத்தாண்டிக்குப்பத்துக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. உள்ளே போய் மோர் கொண்டுவந்தார்.

"உங்களச் சொல்லி என்னாங்க? பெரியவரு கேக்கறாரேன்னு கழட்டிட்டேன். அங்கன்னா கைக்கு உறையாவது குடுத்துக்கினு இருந்தாங்க" என்றார்.

மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

படத்தை ஹால் வாசலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கிளப்பில் சண்டை போட்டேன். ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்றார்கள். பாதுகாப்பு விதி மீறல் என்று புகார் வராமல் இருக்க, கம்ப்யூட்டரில் அவர் தலையில் ஒரு ஹெல்மெட்டை வரைந்து, பெரிய பேனராக அடித்து பஸ் ஸ்டாண்டில் மாட்டிவிட்டார்கள். கீழே 'சூரியனைச் சேமிப்போம்' என்று ஒரு வாசகம் வேறு. குறிஞ்சிப்பாடி பஸ்ஸுக்கு வரும்போதெல்லாம் அவர் அதன் அடியில்தான் நிற்க வேண்டும்.

உலகத்தைக் காப்பாற்றப் போகிறேன் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். இப்போது அந்தப் படத்தில் அவருக்கு ஹெல்மெட் இருக்கிறது, வேலைதான் இல்லை என்று, அந்த வழியாகப் போகிற ஒவ்வொரு முறையும் என் மனம் குத்திக்கொண்டே இருக்கிறது.