கமலவேணியின் சாலை விசாரணை

"ஏனுங்க, நீங்க டயருங்களா, நாயிங்களா?"

முன்கண்ணாடி வழியாகக் கேட்கிறார் கமலவேணி. பதிலுக்குக் காத்திருப்பதுபோல ஆம்னி வேனின் வேகம் தணிகிறது. கிட்டே போனதும் தெரிகிறது, லாரிச் சக்கரத்திலிருந்து உரிந்து விழுந்த ரப்பர் பட்டை. "டயருங்க. சொகமா படுத்திருக்கறாரு" என்றபடி, பின்னால் வருபவர்களைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு மெல்ல விலகிப் போகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்த மரியாதையெல்லாம் புதிது.

ராசிபுரத்தில் வீட்டோடு தறி போட்டிருக்கிறார்கள். கணவர் குமாரசாமி தறியைப் பார்த்துக்கொள்ள, துண்டு மூட்டைகளை நாமக்கல் கடைகளில் கொண்டுபோய்ப் போடுவது கமலவேணி. ஐம்பதை நெருங்கும் வயது. ஹாரனைத் தொடமாட்டார், வேண்டிய இடத்தில் தானே கத்திக்கொள்வார். தன் ஓட்டும் திறமை பற்றி அவருக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. "நாந்தான் ஓட்டீட்டு வாரேன்னு முன்னாடியே தெரிஞ்சா, பாதிப்பேரு ஊட்டுலயே இருந்துக்குவாங்க."

விசாரணைப் பழக்கம் வந்த கதையையும் அவரே சொல்லிச் சிரிக்கிறார். ஒருமுறை டயர்ப் பட்டையை நாயென்று நினைத்து ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்ததில், வேன் நடுத்திட்டில் ஏறி அரளிச் செடிக்குள் போய் நின்றது. அடுத்தது ஒரு சாக்கு. இந்தத் தடவை ஒடிக்கவே கூடாதென்று அதன் மேலேயே ஏற்றினார். சாக்குக்குள் கல். வண்டியின் அடிப்பக்கம் உடைந்து ஆயிலெல்லாம் ரோட்டில் ஓடியது.

"நாயின்னு நெனச்சது டயரு. சாக்குன்னு நெனச்சது கல்லு. நம்ம கண்ணோட லட்சணம் அப்படி. அதான் இப்பல்லாம் கேட்டுக்கறதுங்க."

புதுச்சத்திரம் தாண்டி ஒரு மேட்டிலிருந்து இறங்கும்போது பேச்சு நின்றது. பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு குறுக்கே ஓர் இரும்புக் குழாய். போர்வெல் போடும் லாரியிலிருந்து நழுவியிருக்க வேண்டும். கமலவேணி அதனிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிரேக்கை விட்டு விட்டு அழுத்தி, நாலு விளக்கையும் மினுக்கவிட்டு, அதைச் சுற்றிக் கடந்து தள்ளி ஓரமாக நிறுத்தினார்.

"எறங்கி அந்தத் தகரத் தடுப்புக்கு வெளிய நில்லுங்க. போனைப் போடுங்க. மேட்டுக்கு அந்தப்பக்கம் வாரவங்களுக்கு இது தெரியாது."

மூட்டையிலிருந்து ஒரு சிவப்புத் துண்டை உருவிக்கொண்டு, வண்டி ஓட்டுவதற்காகக் கழற்றிவைத்த செருப்பை மறந்து, தடுப்புக்கு வெளியே மேட்டை நோக்கி ஓடினார். நான் சுங்கச்சாவடியின் அவசர எண்ணில், "எங்கே இருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு, "ரோட்டில்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உச்சியில் துண்டு சுழன்றது. முதலில் வந்த கார் வேகம் குறைத்தது. கண்ணாடி இறங்கியது.

"ஏனுங்கக்கா, துண்டு என்ன வெலைங்க?"

"யாவாரம் இல்லைங்க சாமி! கீழ பைப்பு கெடக்குது, மெதுவா போங்க!"

அவர் போட்ட சத்தம் கீழே நின்ற எனக்கே கேட்டது. காருக்குப் பின்னால் ஒரு பைக். கணவன், மனைவி, நடுவில் தூங்கும் குழந்தை. அதை ஒட்டினாற்போல் ஒரு பஸ். துண்டைப் பார்த்த பைக்குக்காரர் தடுமாறி வேகம் குறைத்தார். பஸ் அலறிக் குலுங்கித் தணிந்தது. குழாயின் முனைக்கு ஒரு சாண் தள்ளி பைக் மெதுவாகக் கடந்து போனது. பின்னாலிருந்த பெண் குனிந்து அதைப் பார்த்தாள். குழந்தையைச் சுற்றியிருந்த கை இறுகியது.

ரோந்து வண்டி வந்து, ஆட்கள் போக்குவரத்தை மறித்துக் குழாயை அப்புறப்படுத்தும்வரை துண்டு ஓயவில்லை. கமலவேணி திரும்பி வந்தபோது முகமெல்லாம் வியர்வை. வாய் மட்டும் பழையபடி.

"பாத்தீங்களா, இத்தனை வருசமா கடைகடையா ஏறி எறங்கறேன். ஒருத்தரும் தானா வெலை கேட்டதில்லை. இப்படிக் கிறுக்கியாட்டம் நின்னு ஆட்டுனாத்தான் யாவாரம் ஆகுமாட்ட இருக்குது. வண்டி ஓட்டத்தான் தெரியாதுன்னு நெனச்சேன். செருப்புப் போட்டு நடக்கவும் தெரியலைங்க."

நான் சிரித்தேன். அவரும் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். அந்தச் சிவப்புத் துண்டை மூட்டைக்குள் திருப்பிச் செருகாமல், கைக்கெட்டும்படி முன்கண்ணாடி ஓரத்தில் வைத்தார். பிறகு சாவியைச் செருகினார்.