முதல் வரிக்குக் கீழே எழுதியவை

சாயப்பட்டறையிலிருந்து வரும் பனியன் துணியை விளக்குப் பலகை மேல் ஓடவிட்டுக் குறை பார்ப்பது என் வேலை. பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு வந்தவளுக்கு இதே வேலையில் நடுத்தர வயதாகிவிட்டது. அதிகம் பேசமாட்டேன். பஸ்ஸில் ஸ்டாப் தாண்டினால்கூடக் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். அதனாலேயே எழுதுகிற வேலை பிடித்திருந்தது.

முன்பெல்லாம் நோட்டில் எழுதினேன்; கொஞ்ச நாளாக ஒவ்வொரு துணி ரோலைப் பற்றியும் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ரோல் நம்பர் கேட்கும், கொடுத்தால் குறிப்பு கேட்கும். ஃபோனில் அடிப்பதுபோல் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பேன். ஒற்றை விரல். கண் முழுவதும் விசைப்பலகையில்தான் இருக்கும்.

எங்கள் ஊர்ப் பக்கம் எடுத்ததும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். விருந்துக்குப் போய்க் குழம்பில் உப்பு கூடியிருந்தாலும், ரசம் நன்றாக இருக்கிறது என்றுதான் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படியேதான் எழுதுவேன். நல்லதைச் சொல்லி என்டர். ஒரு வரி இடம் விட்டு, குறை என்ன, எந்த மீட்டரில் ஆரம்பிக்கிறது, எதை ஒதுக்கினால் மீதியை வெட்டலாம் என்று ஒவ்வொன்றாக.

அப்படி நான் பார்த்து அனுப்பிய ஒரு ரோல், குழந்தைச் சட்டையாகத் தைத்து முடிந்த பிறகு திரும்பி வந்தது. துணி பின்னும் மெஷினில் ஊசி பழுதாகி விழுந்த கோடு நீளத்துக்கும் ஓடியிருந்தது. மேனேஜர் என் குறிப்பைத் திரையில் எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"துணி மெத்துனு இருக்குதுங்க. கலரும் ஒரே சீரா வந்திருக்குதுங்க." நிறுத்தி என்னைப் பார்த்தார். "அவ்வளவுதானுங்களா அக்கா?"

"பொண்ணுப் பார்க்கப் போனீங்களா, செக்கிங் பண்ணுனீங்களா?" என்றார் கட்டிங் மாஸ்டர். ஷெட்டே சிரித்தது.

"திங்கக்கிழமையிலிருந்து பிசிறு வெட்டற டேபிளுக்குப் போயிருங்க," என்றார் மேனேஜர்.

பிசிறு வெட்டுவது கேவலமான வேலை இல்லை. ஆனால் குறையைப் பார்க்காமல் விட்டவள் என்ற பெயரோடு அங்கே போய் உட்கார முடியாது. அந்தக் கோட்டை நான் பார்த்தேன், எழுதவும் செய்தேன். கூச்சத்தை விட்டுச் சொன்னேன்.

"நான் போகமாட்டனுங்க. கீழ இன்னும் எழுதியிருந்தனுங்க."

"எங்கீங்க கீழ? ஒண்ணுமே இல்லீங்களே."

"அந்த புரோகிராம் எழுதுனவரைக் கூப்பிடுங்க. அவர் முன்னால எழுதிக் காட்டறனுங்க."

மறுநாள் காலை புரோகிராம் எழுதியவர் ஸ்கூட்டரில் வந்தார். எனக்கு ஒத்த வயதுக்காரர். மேனேஜரும் மாஸ்டரும் பின்னால் நிற்க, எப்போதும்போல் குனிந்தே அடித்தேன். முதல் வரி. என்டர். இரண்டாவது வரியில் பாதி போயிருப்பேன், "நிறுத்துங்கக்கா, தலையைத் தூக்கிப் பாருங்க" என்றார் அவர்.

திரை அடுத்த ரோலின் நம்பரைக் கேட்டுக்கொண்டிருந்தது. என்டர் தட்டியதுமே குறிப்பு முடிந்தது என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் ரோல் நம்பர் என்று நினைத்து, தவறு, தவறு என்று தள்ளி, திரையைத் துடைத்துவிட்டு மறுபடி நம்பரே கேட்டிருக்கிறது. நான் எழுதி முடித்துத் தலை தூக்கும்போதும் அதே கேள்விதான் நிற்கும். எல்லாம் சரியாகப் போனதாக நினைத்து அடுத்த ரோலுக்குப் போயிருக்கிறேன், இத்தனை நாளும்.

"ஒரு வரிதான் எழுதுவாங்கனு நெனச்சு செஞ்சுட்டனுங்க," என்றார் அவர்.

மேனேஜர் முகம் தணிந்தது. "சரி, நீங்க இங்கயே இருங்கக்கா. இனிமேல் குறையை மட்டும் ஒரே வரில போட்டுருங்க. வேலை முடிஞ்சுது."

அதோடு தலையாட்டியிருக்கலாம். என் பழைய இடம் திரும்பக் கிடைத்துவிட்டது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

"அது முடியாதுங்க. ஊசிக்கோடு இருக்குன்னு ஒரு வரி போட்டா ரோலையே ஒதுக்கிருவீங்க. பாதி நல்ல துணியா இருக்கும். துணி பின்னுனவரும் சாயம் போட்டவரும் இதைப் பார்க்கறாங்க, அவங்க செஞ்ச நல்லதையும் எழுத வேண்டாங்களா? நான் பேசறதே கொஞ்சம். அதையும் பாதில வெட்டாதீங்க."

மாஸ்டர், "அக்காளுக்கு இவ்வளவு பேச வருமா!" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

புரோகிராம்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "ரெண்டு தடவை என்டர் தட்டினா முடிஞ்சுதுன்னு வெச்சுக்கலாங்களா?"

"நான் நடுவுல வரி விட்டு எழுதுவனுங்க. அங்கயே முடிச்சுருமே."

அவர் யோசித்தார். "அப்ப முடிக்கும்போது தனி வரில ஒரு புள்ளி மட்டும் வெச்சு என்டர் தட்டுங்க. புள்ளி வர்ற வரைக்கும் அது கேட்டுட்டே இருக்கும்."

மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாற்றிக் கொடுத்துவிட்டார். அடுத்த ரோலைப் பார்த்து முடித்து எழுத உட்கார்ந்தபோது மேனேஜர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். துணி வழவழவென்று இருக்கிறது என்று அடித்தேன்.

"குறை எங்கீங்க அக்கா?"

"நில்லுங்க, வருதுங்க," என்று சொல்லி என்டரைத் தட்டினேன்.