தவக்காலத்தில் ஊறிய இரத்தம்

என் மகள் பிறந்த அன்று எனக்கு இரத்தம் நிறையப் போய்விட்டது. யாரோ ஒருவர் கொடுத்த இரத்தத்தை ஏற்றித்தான் என்னைப் பிழைக்க வைத்தார்கள். தலைக்கு மேலே தொங்கிய அந்தப் பையில் பெயர் இல்லை, எண் மட்டும் இருந்தது. பெயர் இருந்திருந்தால் தேடிப் போய் நன்றி சொல்லியிருப்பேன். அதற்கு வழியில்லாததால், நானும் ஒருமுறையாவது இரத்தம் கொடுத்துவிட வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸை ஒட்டிய மாதா கோயிலில், தவக்காலத்து ஞாயிறு ஒன்றில் பூசை முடிந்ததும் இரத்ததான முகாம் நடக்கும். குழந்தை தாய்ப்பாலை மறந்த பிறகு வந்த முகாமில் முதல் ஆளாகப் போய் நின்றேன். விரலில் குத்தி எடுத்த சொட்டை ஒரு நீலத் திரவத்தில் விட்டார்கள். சத்துள்ள இரத்தம் மூழ்கும். என்னுடையது மேலேயே மிதந்தது.

வெளியே குழந்தையோடு காத்திருந்த அத்தை கேட்டார்: "இன்னாம்மா, போன வேகத்துல வந்துட்ட?"

"இரத்தம் பத்தலையாம், அத்தை."

"அதான் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. சுண்ணாம்பு அடிச்ச செவரு மாரி கீது."

என் கணவரின் அம்மாவான அத்தை அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவர். மனதில் பட்டதை அப்படியே சொல்வார். எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. பிரசவத்துக்குப் பிறகு கொடுத்த மாத்திரைகளை நான் ஒரு நாள்கூட விட்டதில்லை. பிறகு எங்கே போயிற்று அத்தனை இரும்பும்?

அம்பத்தூரில் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன்.

"மாத்திரையை எதோட போடுறீங்க?"

"காலைல காபியோட, மேடம். மறந்துடக் கூடாதுன்னு கால்சியம் மாத்திரையையும் அதோட சேத்தே போட்டுடுவேன்."

அவர் சிரித்துவிட்டார். "நல்லா ஒழுங்காத்தான் வீணாக்கியிருக்கீங்க. கால்சியம் பக்கத்துல இருந்தா இரும்பு சரியா உடம்புல சேராது. காபியும் அதைத் தடுக்கும். ரெண்டு மாத்திரையையும் பிரிச்சிடுங்க. இரும்புக்கு வேற மாத்திரை எழுதித் தர்றேன்."

இரும்பு மாத்திரை காலையில் எலுமிச்சைச் சாற்றோடு, கால்சியம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, காபி நன்றாகத் தள்ளி என்று மாற்றிக்கொண்டேன். புது மாத்திரையில் மலம் கறுத்துப் போனதும் பயந்துபோய் அவருக்கே போன் செய்தேன். இரும்பு மாத்திரைக்கு அப்படித்தான் ஆகும் என்று பொறுமையாகச் சொன்னார். அத்தை வாரம் தவறாமல் சுவரொட்டி வாங்கிவந்து மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தார். ஆட்டின் மண்ணீரலை இங்கே அப்படித்தான் சொல்வோம். இரத்தம் ஊற அதைவிட வேறு கிடையாது என்பது அத்தையின் முடிவு. மருத்துவரும் மறுக்கவில்லை.

அடுத்த ஆண்டு தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் வந்தது. எங்கள் வீட்டில் அன்றிலிருந்து ஈஸ்டர் வரை சுத்தபோசனம். கறி உள்ளே வராது. முகாம் அதற்கு நடுவில் வருகிறது. இரத்தத்தை மறுபடி சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இத்தனை மாதம் ஏறியது இறங்கிவிட்டால்?

அத்தையே வழி சொன்னார். "சுவரொட்டி வாங்கியாரட்டா? நோவுக்காரிக்கு விலக்கு உண்டுன்னு சாமியாரே பிரசங்கத்துல சொன்னாரு."

"நான் நோவுக்காரி இல்ல, அத்தை."

"அப்ப கொடுக்கறது எப்பிடி? கீரையத் துன்னுட்டா?"

"ஆமா."

"ஆடு கூட கீரைதான் துன்னுது. ஆனா அத்த யாரும் படுக்க வெச்சி ஊசி குத்தல."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சொல்லிவிட்டேனே தவிர, அது பக்தியா பிடிவாதமா என்று எனக்கே தெரியவில்லை. மறுபடி மிதந்தால் அத்தையின் முகத்தில் எப்படி விழிப்பது என்றும் கவலை. ஆனால் வாய்விட்டுச் சொன்ன பிறகு பின்வாங்க முடியாதே. முருங்கைக்கீரையை மதியச் சோற்றில் சேர்த்தேன். காராமணிச் சுண்டலில் எலுமிச்சை பிழிந்தேன். கேழ்வரகிலும் கால்சியம் உண்டு என்பதால் அடையை மாத்திரை நேரத்திலிருந்து தள்ளி மாலைக்கு வைத்தேன். மகள் நெல்லிக்காயைக் கடித்து முகம் சுளிப்பதைப் பார்த்து நானும் கூடவே ஒன்று தின்றேன். அத்தை முணுமுணுத்துக்கொண்டே கீரை ஆய்ந்து கொடுத்தார். ஒருநாள் அவரே தன் காபியையும் சாப்பாட்டுக்கு ரொம்ப நேரம் கழித்துக் குடித்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, "சூடா இருந்துச்சு" என்றார்.

முகாம் அன்று வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனேன். எடை போதுமா என்று வேறு சந்தேகம். எடைக் கருவியில் செருப்போடு ஏறினேன். சோதிக்க உட்கார்ந்திருந்த பெண் கழற்றச் சொன்னார். அப்படியும் எடை போதுமானதாக இருந்தது. விரலில் குத்தினார். நான் நீலத் திரவத்தைப் பார்க்காமல் அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

"படுங்க சிஸ்டர்" என்றார்.

"மூழ்கிடுச்சா?"

"கல்லு மாதிரி போச்சு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு சொட்டு விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். பின்னால் நின்ற இளைஞர்கள் சிரித்தார்கள். அவர் அலுத்துக்கொள்ளாமல் இன்னொரு சொட்டு விட்டார். அது நிற்காமல் அடிக்குப் போனதை இந்த முறை என் கண்ணாலேயே பார்த்தேன்.

படுத்தபடி பை நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல அடர் சிவப்பு. அந்த நிறத்துக்குள் ஒரு துண்டு ஆட்டுக்கறிகூட இல்லாத இத்தனை வாரங்கள் இருந்தன. நிரம்பியதும் ஒருவர் அதில் எண் ஒட்டி ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். யாருக்குப் போகும் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டுவிட்டேன்.

வெளியே அத்தை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அறிமுகமே இல்லாத ஒரு பெண்ணிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் மருமவதான். கறியே துன்னாம ரத்தம் குடுத்துட்டு வரா, பாரு."

கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பஞ்சு ஒட்டிய கையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மடக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் பேசி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன்.